மூணரை வயசுக்கு மெட்ராஸ் ஞாபகம் இருக்குமா?

"மாப்பிள, பெரியவளுக்காவது ஆறு வயசாச்சு. சின்னவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது? ரெண்டு வருசம் கழிச்சுக் கூட்டிட்டுப் போனா ஆகாதா?"

மே மாத லீவில் பிள்ளைகளோடு நாலு நாள் சென்னை போகலாம்னு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டதும் மாமனார் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். எங்களைப் போன்ற வீட்டில் வருஷத்துக்கு ஒரு பயணம்தான் கட்டுப்படியாகும். ரயில், ரூம், சாப்பாடு, ஆட்டோ என்று போட்டுப் பார்த்தால் பிள்ளையின் ஒரு டேர்ம் பீஸ் வருகிறது. அவ்வளவு காசும் மூணரை வயசுப் பையனுக்குள் எங்கேயாவது தங்குமா, இல்லை அப்படியே கரைந்துவிடுமா? இணையத்தில் தேடினால் குழந்தைகளோடு பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்றுதான் வருகிறது. இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அதனால் நினைவைப் பற்றிய உளவியல் ஆய்வுகளைக் கொஞ்சம் துழாவினேன். படித்ததையும் நாலு நாளில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

1991-இல் ஹாமண்ட், ராபின் ஃபைவுஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட என் மாமனாரின் கேள்வியையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு போய்வந்த 48 பிள்ளைகள். போனபோது சிலருக்கு மூணு வயசு, சிலருக்கு நாலு. சிலரிடம் ஆறு மாதம் கழித்தும், மற்றவர்களிடம் ஒன்றரை வருஷம் கழித்தும் போய் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்தும் பிள்ளைகள் நிறையச் சொன்னார்கள், சொன்னது சரியாகவும் இருந்தது. மூணு வயசில் போனவர்கள் அளவில் ஒன்றும் குறைத்துச் சொல்லவில்லை. நாலு வயசுக்காரர்கள் தானாக, விவரமாகச் சொன்னார்கள். சின்னவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் தெரியவந்தது. எந்த வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசினார்களோ, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஞாபகம் இருந்தது.

மாமனார் பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. பெரியவர்களான நமக்கு இருக்கும் மிகப் பழைய ஞாபகம் சராசரியாக மூணு, மூணரை வயசைச் சேர்ந்தது. அதற்கு முந்தியது இருட்டு. பாட்ரிசியா பௌவர் என்பவர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூணு வயசில் பிள்ளைகள் பேசிப் பதிவான சம்பவங்களைப் பின்னாளில் அவர்களிடமே கேட்டிருக்கிறார். 5 முதல் 7 வயசு வரை 60 சதவீதத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருந்தார்கள். 8, 9 வயசில் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது என் மகன் ஒண்ணாம் வகுப்பு வரைக்கும் சென்னையைச் சொல்லிக்கொண்டிருப்பான்; நாலாம் வகுப்பில் பெரும்பாலும் போயிருக்கும்.

இதை வீட்டில் சொன்னதும் மாமியார் மாமனாரிடம் கேட்டார்: "போன வாரம் தின்ன சோத்துக்கு என்ன கறின்னு ஞாபகம் இருக்கா? அதுக்காவத் திங்காம இருக்கியளா?" எனக்கு அந்தப் பதில் போதும். டிக்கெட்டைக் கேன்சல் செய்யவில்லை.

எங்கள் நாலு நாள் திட்டத்தையே மாற்றியது இன்னொரு ஆய்வு. 1994-இல் டெஸ்லர், நெல்சன் இருவரும் செய்தது. மூணு வயசுப் பிள்ளைகள் நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அம்மாக்களோடு போகிறார்கள். நடந்துபோகும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பதிவாகிறது. ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகளிடம் கேட்டால், பேச்சில் வராத ஒரு பொருளைக்கூட யாரும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்தது உண்மைதான், ஆனால் பேசவில்லையென்றால் அது இல்லை. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பேசியது எதுவோ அதுதான் அதிகம் தங்கியது. சின்ன ஆய்வுதான், ஒரு சில குடும்பங்கள்தான். ஆனாலும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் குடும்பங்கள் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது உறைக்கும். "வா வா, அங்க இன்னும் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவோம், இல்லையா?

அதனால் ஒரு நாளைக்கு ஓர் இடம், அந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ பொருள் என்று வைத்துக்கொண்டோம். 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் நாங்கள் பேசியது திமிங்கில எலும்புக்கூட்டைப் பற்றி மட்டும்தான். சின்னவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டுக்கு ஏம்ப்பா கூரை இல்ல?" என்றான். விலா எலும்புகள் அவனுக்குக் கைமரமாகத் தெரிந்திருக்கின்றன. பெரியவள் சிரித்தாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது: இது மீன் இல்லை, மூச்சு விட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும், துடுப்புக்குள்ளே நம்மைப் போல விரல் எலும்பு இருக்கும். அவள் தன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். அரைமணி நேரம் போனது. வெண்கலச் சிலைகளுக்குப் பக்கமே போகவில்லை. சென்னையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். ஆனால் அது என் ஆசை, இன்னொரு தடவை தனியாக வந்து பார்த்துக்கொள்ளலாம். வெளியே மரத்தடியில் பிஸ்கட் தின்னும்போது, சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855-இல் இந்த வளாகத்தில்தான் தொடங்கியது என்று பெரியவளிடம் சொன்னேன். இப்போது மிருகங்கள் எங்கே என்று எல்லா மரத்துக்குப் பின்னாலும் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஞாபகம் இருக்கட்டும், முதலில் உடம்பு தாங்க வேண்டுமே. நடக்கும்போது ஓர் எட்டு என்பது தோராயமாக நம் உயரத்தில் 0.4 பங்கு. என் உயரம் 170 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,470 எட்டு வைக்கிறேன். ஒரு மீட்டர் உயரப் பையன் அதே தூரத்துக்கு 2,500 எட்டு வைக்க வேண்டும். பக்கம்தானே, நடந்திடலாம்னு நான் சொல்லும்போது அவன் காலுக்கு அது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு வேலை. வெயிலும் அப்படித்தான். உடம்பு எடையோடு ஒப்பிட்டால் சின்னப் பிள்ளைகளுக்குத் தோல் பரப்பு அதிகம். வெளிக்காற்று உடம்புச் சூட்டைத் தாண்டினால், மே மாத மத்தியானத்தில் தாண்டும், அவர்களுக்குள் சூடு சீக்கிரம் ஏறும். போதாததற்கு அவர்கள் மூக்கு இருக்கிற உயரம் தார் ரோட்டுக்கும் வண்டிகளின் புகைக்குழாய்க்கும் பக்கம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு பிள்ளை "தூக்கு" என்று அழுதால் அது பிடிவாதம் இல்லை.

ரங்கநாதன் தெருவில் பிள்ளையோடு நடந்தவர்கள் ஒரு தடவை மண்டி போட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன். கடை, போர்டு, விளக்கு எதுவும் தெரியவில்லை. கால்கள், கட்டைப்பைகள், யாரோ தொங்கவிட்ட கை. நாம் தி.நகரைக் காட்டுகிறோம், பிள்ளை முழங்கால்களைப் பார்க்கிறது. தி.நகர் போயே ஆகவேண்டும் என்றால் பாண்டி பஜாருக்குப் போகலாம். 2019-இல் நடைபாதையை அகலமாக்கிய பிறகு அங்கே ஒரு பிள்ளை தன் காலில் நடக்க முடிகிறது.

காலை பத்தரை வரை வெளியே, பதினொன்றிலிருந்து நாலு வரை கூரைக்குக் கீழே என்று பிரித்துக்கொண்டோம். அதற்கு நாங்கள் கண்ட நல்ல இடம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. முதல் தளத்தில் பிள்ளைகள் பகுதி. நடுவில் ஒரு செயற்கை மரம், சுற்றிலும் புத்தகம், குளிர்ச்சி, கழிப்பறை. கடைசிச் சொல்லைச் சும்மா சேர்க்கவில்லை. மூணு வயசுப் பையன் "வருது" என்று சொன்னால் நமக்கு இருப்பது ரெண்டு நிமிஷம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் விசாரிக்க வேண்டிய தகவல் இதுதான். பிர்லா கோளரங்கமும் அதே பக்கம் என்பதால் அந்த நாள் அங்கேயே முடிந்தது.

கோட்டூர்புரத்துக்குப் பறக்கும் ரயிலில் போனோம். 1995-இல் ஓட ஆரம்பித்த இந்த ரயில் தூண்கள்மேல் போகிறது, வழியெல்லாம் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் அடையாறு. பேருக்கு அர்த்தம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். சின்னவன் சேப்பாக்கத்தில் ஏறியதிலிருந்து கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, "எப்பம்மா பறக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். "இப்பவே பறந்துகிட்டுதாம்ல இருக்கோம், கீழ பாரு" என்றாள் என் மனைவி. எட்டிப் பார்த்தான், வீட்டு மாடியில் காயும் துணியெல்லாம் அவனுக்குக் கீழே இருந்தன. ஒப்புக்கொண்டான். டிக்கெட் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் ஐந்து வயசுக்குக் கீழ் இலவசம், அதனால் அவனுக்குக் காசில்லை. மெட்ரோவில் வயசைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டியவன் என்பதால் அங்கே அவன் முழுப் பயணி. அந்தப் பெருமையை இன்னும் விடவில்லை.

மெரினாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு மணல் அங்கே எப்படி வந்தது? வருஷத்தில் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. நமக்கு இதில் வரும் விளைவு, ரோட்டிலிருந்து தண்ணீர் ரொம்ப தூரம். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் மணல்மேல் போட்ட மரப்பாதையே 263 மீட்டர். பையன் கணக்கில் 650 எட்டு. அதே தூரம் திரும்பவும் உண்டு, பெரும்பாலும் நம் தோளில்.

அழகான கடற்கரை, ஆனால் குளிக்கிற கடற்கரை இல்லை. கரையிலிருந்து சில எட்டிலேயே ஆழம் சட்டென்று இறங்குகிறது, இழுப்பும் பலம். எனக்கு முழங்கால் தண்ணீர் என்றால் சின்னவனுக்கு இடுப்பு. அலை திரும்பும்போது பாதத்துக்குக் கீழிருந்தே மணலை உருவிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் அவன் எடைக்கு நிற்க முடியாது. குடும்பங்கள் அங்கே பிள்ளைகளை இழந்திருக்கின்றன. ஈர மணல் தொடங்கும் இடத்தில் நான் காலால் ஒரு கோடு கிழித்தேன். கோட்டைத் தாண்டினால் கையைப் பிடித்திருக்க வேண்டும், பெரியவளுக்கும் அதே சட்டம்தான். அலை கோட்டை அழிக்க அழிக்க, பின்னால் வந்து புதுக்கோடு போடுவதே அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

கூட்டத்தில் தொலைவது இன்னொரு பயம். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் பிள்ளைகளின் கையில் பெற்றோர் பேரும் போன் நம்பரும் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். மற்ற நாளில் நாம்தான் கட்ட வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் சின்னவனிடம் சோதித்துப் பார்த்தேன்.

"உன் பேரென்ன?"

"தம்பி."

"அப்பா பேரு?"

"அப்பா."

"எந்த ஊரு?"

"நம்ம ஊரு."

மூன்றுமே சரியான பதில்கள், ஒரு போலீஸ்காரருக்கு மூன்றாலும் பிரயோசனமில்லை. வீட்டில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே. அன்றிலிருந்து சாப்பிடும்போதெல்லாம் பேர் சொல்லும் விளையாட்டு. பெரியவள் போன் நம்பரை ஒரு ராகத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே கிளம்பும்போது இருவரின் கையிலும் உள்பக்கமாக நம்பரைப் பேனாவால் எழுதினோம். அன்றன்றைக்குப் போட்டிருக்கிற சட்டையோடு காலையில் ஒரு போட்டோ எடுத்துவைத்தோம். பதற்றத்தில் சட்டைக் கலர் யாருக்கும் ஞாபகம் வராது. பிள்ளைக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: எங்களைக் காணோம்னா தேடி ஓடாதே, நின்ன இடத்திலேயே நில்லு, நாங்க வருவோம். நமக்கு 1098, 112 இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்தபிறகு பேசுகிற பேச்சுக்கும் ஒரு முறை இருக்கிறது. "எங்கெல்லாம் போனோம் சொல்லு பாப்போம்" என்று தாத்தா முன்னால் நிறுத்திக் கேட்டால் அது பரீட்சை. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். ஃபைவுஷும் மற்றவர்களும் இதைப் பல வருஷம் கவனித்திருக்கிறார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற அம்மாக்களைவிட, தாங்களும் ஒரு துண்டைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்கிறவர்களின் பிள்ளைகள் பிற்பாடு கூடுதலாகச் சொல்கிறார்கள். "கூரை இல்லாத வீடுன்னு சொன்னியே, அதுக்குள்ள யாரு இருந்தா?" என்று தொடங்கினால் சின்னவன் மீதியைத் தானே கொண்டுவருகிறான். ரயில் பறந்தது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறான். அக்கா பறக்கலை என்று சண்டைக்கு வருகிறாள். அந்தச் சண்டையில் நாங்கள் தலையிடுவதில்லை; இருவரும் ஜன்னல், துணி, கால்வாய் என்று ஒவ்வொன்றாகச் சாட்சி கூப்பிடுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கிண்டி பாம்புப் பண்ணைக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். வண்டலூருக்கு இந்தத் தடவை நாங்கள் போகவில்லை. 602 ஹெக்டேர் அது. இவன் இன்னும் ஒரு பத்து சென்டிமீட்டர் வளரட்டும்.