மெயில் ஏன் போகலை?

முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு டிபார்ட்மென்ட் டூர்னு வச்சுக்கோங்க. கூகுள் ஷீட்ல பணம் கட்டினவங்க பேருக்கு நேரா 'சரி'ன்னு டைப் பண்ணா அவங்களுக்கு மெயில் போகணும். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல ஆன்எடிட் எழுதுறீங்க. மெயில் அனுப்புற ஃபங்ஷனை எடிட்டர்ல ரன் பண்ணா போகுது. ஷீட்ல டைப் பண்ணா போகலை. மெயில் வராதவங்க படகுல இடமில்லைன்னு நினைச்சுக்குவாங்க.

கோடு சரிதான், அனுமதிதான் இல்லை. எடிட்டர்ல ஓடும்போது நீங்க ஒப்புதல் கொடுத்த உங்க அக்கவுன்ட்ல ஓடுது. ஆன்எடிட் சிம்பிள் டிரிகர். யாரிடமும் ஒப்புதல் கேட்காமலே ஓடும். அதனாலேயே ஒப்புதல் தேவைப்படும் மெயிலை அதால் தொட முடியாது.

ஃபங்ஷன் பேரை மாத்திட்டு, டிரிகர்ஸ் பக்கத்துல இன்ஸ்டாலபிள் டிரிகர் போடுங்க. ஆனா ஷீட்டை யார் தொட்டாலும், அது போட்டவர் அக்கவுன்ட்லதான் ஓடும். சீனியர் போட்டதுன்னா, அவர் காலேஜ் ஐடியை மூடினதும் நின்னுடும். ஏப்ரல்லயே ஒரு ஜூனியரை அவர் அக்கவுன்ட்ல புதுசா போடச் சொல்லுங்க.