ஒரே எலக்ட்ரான், 25 படிகள்: குவாண்டம் கேஸ்கேட் லேசர் மின்சாரத்தை ஏன் இவ்வளவு வீணாக்குகிறது?

குழாயில் மீத்தேன் கசிகிறது. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. நம் கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காத அந்த வாயுவை ஒரு லேசர் கதிர் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேலைக்குப் பயன்படும் லேசர்களில் முக்கியமானது குவாண்டம் கேஸ்கேட் லேசர். ஆனால், இதற்குள் செல்லும் மின்சாரத்தில் பெரும்பகுதி ஒளியாக மாறுவதே இல்லை. ஏன்?

வாயுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொரு மூலக்கூறும் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். கைரேகை மாதிரிதான். மீத்தேனுக்கு சுமார் 3.3 மற்றும் 7.7 மைக்ரோமீட்டர்; கார்பன் டை ஆக்சைடுக்கு சுமார் 4.3. இவை நடு அகச்சிவப்புப் பகுதியில் வருபவை. பார்கோடு ஸ்கேனரில் இருக்கும் சாதாரண லேசரால் இந்தப் பகுதியைத் தொட முடியாது.

வழக்கமான லேசரில் இருந்து என்ன வித்தியாசம்?

சாதாரணக் குறைகடத்தி லேசரில் ஓர் எலக்ட்ரான் ஒரு ‘துளை’யுடன் சேரும்போது ஓர் ஒளித்துகள் வெளிவரும். அத்தோடு அந்த எலக்ட்ரானின் கதை முடிந்தது. ஒளியின் அலைநீளத்தைத் தீர்மானிப்பது அந்தப் பொருள்தான்.

கேஸ்கேட் லேசர் அப்படியல்ல. மலையில் அடுத்தடுத்து இருக்கும் நீர்மின் நிலையங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பயன்படுத்திய அதே தண்ணீர் கீழே அடுத்த நிலையத்திலும் மின்சாரம் தருகிறது இல்லையா? அதேபோல, ஒரே எலக்ட்ரான் படிப்படியாக இறங்கி, படிக்கு ஓர் ஒளித்துகள் வீதம் தருவதுதான் இதன் அடிப்படை. சில நானோமீட்டர் தடிமன் கொண்ட படலங்களை மாற்றி மாற்றி அடுக்கி இந்தப் படிகளை உருவாக்குகிறார்கள். படலத்தின் தடிமனை மாற்றினால் அலைநீளமும் மாறும்.

1971-ல் சோவியத் விஞ்ஞானிகள் கசாரினோவ், சூரிஸ் முன்வைத்த யோசனை இதற்கு அடித்தளம். 1994-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜெரோம் ஃபைஸ்ட், ஃபெடரிகோ கபாஸோ குழுவினர் 25 படிகளுடன் முதல் லேசரைச் செய்து காட்டினர். அதுவும் கடுங்குளிரில்தான் வேலை செய்தது. அறை வெப்பநிலையில் இடைவிடாமல் ஒளிர வைக்க 2002 வரை ஆனது.

சரி, மின்சாரம் எங்கே போகிறது?

காரணங்கள் பல. ஒளி தராமலேயே பல எலக்ட்ரான்கள் படிக அதிர்வுகளுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். சூடு ஏற ஏற, சில எலக்ட்ரான்கள் போக வேண்டிய பாதையை விட்டே நழுவிவிடும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளிவிடவும் கூடுதல் மின்னழுத்தம் தேவை. உருவான ஒளியிலும் ஒரு பங்கை லேசரே உறிஞ்சிக்கொள்ளும்.

2010-ல் சுமார் மைனஸ் 233 டிகிரி செல்சியஸ் குளிரில் 50 சதவீதத் திறனை ஆய்வாளர்கள் எட்டினர். ஆனால் 2011-ல் அறை வெப்பநிலையில், தொடர் இயக்கத்தில் கிடைத்தது 21 சதவீதம். அதாவது, 100 வாட் கொடுத்தால் ஒளி 21 வாட். மீதி 79 வாட் வெறும் சூடு!

தீர்வு என்ன?

வடிவமைப்புதான். ஒளி தந்த எலக்ட்ரான் கீழ்ப்படியில் தேங்கினால் லேசர் நின்றுவிடும். எனவே அந்தப் படி உடனடியாகக் காலியாகும்படி ஆற்றல் இடைவெளிகளை அமைக்கிறார்கள். எலக்ட்ரான் நழுவாமல் இருக்க உயரமான தடுப்புப் படலங்களைச் சேர்க்கிறார்கள். சூட்டை வேகமாக வெளியேற்ற, சில லேசர்களை வைரத் தகட்டின் மேலேயே பொருத்துகிறார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? சூடு குறைந்தால் குளிரூட்டும் கருவி சிறிதாகும். பேட்டரியிலேயே இயங்கும் கையடக்கக் கருவி சாத்தியமாகும். செவ்வாயில் 2012-ல் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர், மீத்தேனைத் தேட இதன் நெருங்கிய உறவான ‘இன்டர்பேண்ட் கேஸ்கேட்’ லேசரைத்தான் சுமந்து சென்றது. அந்த வகைக்கு மின்சாரம் மிகக் குறைவாகவே போதும். பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வாட்டும் கணக்குதானே!