நித்தியகல்யாணி: பெயரும் மருந்தும்

வெப்பமண்டலத் தாவரங்களிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து தேடும் முயற்சி வேதியியலார்க்கும் மருத்துவர்க்கும் மட்டுமே உரியது எனக் கருதுதல் பொருந்தாது. தாவரத்தின் பெயரும், அதனைப்பற்றி மக்களிடை வழங்கும் செய்தியும் அம்முயற்சிக்குப் பலகால் தோற்றுவாயாய் அமைதலின், சொல்லாராய்ச்சியாளர்க்கும் அதன்கண் பங்கு உண்டு. இதனை நித்தியகல்யாணி என்னும் செடியின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்குவோம்.

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர்த் தீவு. அழகு கருதி வளர்க்கப்பெற்று வெப்பநாடுகள் பலவற்றினும் இது பரவியது. ஆண்டு முழுவதும் பூத்தலின் நித்தியகல்யாணி என்றும், இடுகாட்டருகே தானே வளர்ந்து கிடத்தலின் சுடுகாட்டு மல்லி என்றும் நம்மவர் இதனை வழங்கினர். லின்னேயஸ் 1759இல் இதற்கு வின்கா ரோசியா எனப் பெயரிட்டார். பிற்காலத் தாவரவியலார் வின்கா இனத்தினின்று இதனைப் பிரித்துக் கதராந்தஸ் ரோசியஸ் என்றனர்.

ஜமைக்காத் தீவினர் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்கு மருந்தாக அருந்தி வந்தனர். அவ்விலைகளுட் சில 1952இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ராபர்ட் நோபிளின் கைக்கு வந்தன. இலைச்சாற்றை எலிகட்கு வாய்வழி ஊட்டியபொழுது குருதியிற் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தியபொழுதோ எலிகள் தொற்றுநோயால் இறந்தன. காரணம் ஆராய்ந்தவிடத்து, குருதி வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருந்தமை புலனாயிற்று. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டின்றிப் பெருகும் புற்றுநோய்க்கு மருந்தாதல் கூடுமன்றோ? இவ்வெண்ணத்தால் நோபிளும் வேதியியலார் சார்லஸ் பீரும் முயன்று, வின்பிளாஸ்டின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து 1958இல் வெளிப்படுத்தினர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் நீரிழிவு பற்றிய வழக்கைக் கேட்டே இச்செடியைத் தனியே ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட வின்கிரிஸ்டின் 1963இல் அந்நாட்டில் மருந்தாக ஏற்கப்பெற்றது. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு அது பிற மருந்துகளுடன் இன்றும் அளிக்கப்படுகிறது.

உயிரணு இரண்டாகப் பிரியுங்கால் மரபுக்கூறுகளைப் பிரித்திழுக்கும் நுண்ணிழைகள் அதனுள் உருவாகும். இவ்விரு மருந்துகளும் அவ்விழைகளின் புரதத்தைப் பற்றி, அவை உருவாகாவண்ணம் தடுக்கும். உயிரணு பிரியாது நின்று அழியும். இலையில் இவை மிகச் சிறிதளவே உள. ஒரு கிராம் பெற நூற்றுக்கணக்கான கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும். இவற்றின் பெயரில் முதற்கண் நிற்கும் 'வின்' என்பது வின்கா என்னும் பழம்பெயரின் எச்சம். தாவரவியலார் கைவிட்ட பெயர் மருந்தின் பெயரில் வாழ்கின்றது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கன மூன்று. ஒன்று, மக்கள் வழக்கு சான்றாகாது, ஆயினும் சுட்டாகும். நீரிழிவுக்கென்ற செய்தி சோதனையில் மெய்ப்படவில்லை. எனினும் அதுவே ஆய்வாளரை இச்செடிபால் ஈர்த்தது. இரண்டு, இச்செடி நம் நாட்டிற்குப் பின்னர் வந்தது. ஆகலின் இதன் புற்றுநோய் தீர்க்கும் ஆற்றலை நம் முன்னோர் பண்டே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி நெறியன்று. அத்தகைய பேச்சை நம்பி நச்சுத்தன்மையுடைய இவ்விலையை நோயாளர் தாமே உண்பாராயின், விளைவது கேடே. மூன்று, பெயர் மட்டும் போதாது. கரிசலாங்கண்ணி என்னும் ஒரு பெயர் வெண்பூச் செடியையும், வேறோர் இனத்ததாகிய மஞ்சட்பூச் செடியையும் குறிக்கும். குறிஞ்சிப்பாட்டு எண்ணும் 99 மலர்களுட் சில இன்னவெனத் துணிதற்கு அரியன. பெயரும் பொருளும் பிரிந்துவிடின், பின்வரும் வேதியியலார் எச்செடியைச் சோதிப்பர்?

ஆதலின் வட்டார வழக்குத் தொகுக்கச் செல்லும் நம் ஆய்வு மாணவர் ஒரு செடியின் பெயரைக் கேட்டெழுதுவதோடு அமைதல் கூடாது. கேட்ட ஊர், பயன்படும் உறுப்பு, ஆக்கும் முறை ஆகியவற்றையும் எழுதி, பூவோடு கூடிய கிளையொன்றை உலர்த்திச் சேர்த்தல் வேண்டும். முதியோர் மறையுந்தோறும் இப்பெயர்களும் மறைகின்றன. செடி இருப்பினும் அதனைச் சுட்டிய சொல் மறையுமாயின், தேடுவோர்க்கு வழி இல்லையாம்.