மண்ணுக்குள் படுத்திருக்கும் தொலைநோக்கி

கொடைக்கானலில் தூண் பாறைக்கும் குணா குகைக்கும் வண்டி பிடிக்கிறவர்களில் பலர் சூரிய ஆய்வகத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களும் வெள்ளைக் குவிமாடங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள ஒரு தொலைநோக்கியில் வெளியே தெரிவது 11 மீட்டர் உயரக் கோபுரம் மட்டுமே. மீதியெல்லாம் 60 மீட்டர் நீளச் சுரங்கமாக மண்ணுக்கடியில் கிடக்கிறது. வானத்தைப் பார்க்கும் கருவியைக் கொண்டுபோய் நிலத்துக்குள் ஏன் புதைத்தார்கள்?

சூரிய ஒளி 15 கோடி கிலோமீட்டரைச் சேதமில்லாமல் கடந்து வருகிறது. பெரும்பாலும் அது கெடுவது தரையை நெருங்கும்போதுதான். வெயிலில் மண் சூடாக, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலே கிளம்புகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, குளிர்ந்த காற்று அடர்ந்தது. இரண்டும் கலந்து புரளும்போது ஒளி நொடிக்கு நொடி வெவ்வேறு பக்கம் வளைகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் தொலைவில் வரும் லாரி நெளிந்து தெரிவதற்கும் காரணம் இதுதான்.

இதற்கு விடையாகத்தான் அந்தக் கட்டடம் எழுந்தது. தரைக்காற்றின் கொந்தளிப்புக்கு மேலே, கோபுர உச்சியில் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்கின்றன. ஒளி கோபுரத்துக்குள் செங்குத்தாக இறங்கி, அடியில் இன்னொரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுரங்கத்துக்குள் படுக்கைவாட்டில் ஓடுகிறது. மண்ணுக்கடியில் பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் அதிகம் எட்டாது. உள்ளே காற்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். 38 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்று 34 சென்டிமீட்டர் விட்டமுள்ள சூரிய பிம்பத்தை அங்கே விழச் செய்கிறது. அதே விகிதத்தில் நம் பூமியைச் சுருக்கினால் மிளகைவிடச் சிறியதாக, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

இவ்வளவு நீளமான ஒளிப்பாதையை நிமிர்த்திக் கட்டவும் முடியும். அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1912-இல் 150 அடிக் கோபுரமே எழுப்பினார். மலைக்காற்று அதை ஆட்டாதிருக்க ஒரு கோபுரத்துக்குள் இன்னொரு கோபுரத்தை வைத்தார். காற்று மோதுவது வெளிக்கூட்டில், கண்ணாடிகள் நிற்பது உள்கூட்டில். உதய்ப்பூரிலோ சூரிய ஆய்வகத்தை ஃபதேசாகர் ஏரியின் நடுவிலுள்ள தீவில் கட்டினார்கள். தண்ணீர் மண்ணைப்போல் சட்டென்று சூடாகாது என்பதால் சுற்றியிருக்கும் காற்றும் அடங்கி நிற்கிறது. மூன்று இடம், மூன்று கட்டடம், ஒரே சிக்கல். எனக்குப் பிடித்தது நம் கொடைக்கானலுடையதுதான்.

1899-இல் சென்னையிலிருந்து சூரிய ஆய்வை இங்கே, 2,343 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்ததற்கும் சமவெளியின் தூசியைத் தாண்டிப் போவதே நோக்கம். அதன் பலனாக 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டுபிடித்தார்.

மண்ணைத் துணைக்கழைத்த கட்டடம் நிற்கும் இதே ஊரில்தான், மண் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை எழுப்பும் பிளசண்ட் ஸ்டே ஹோட்டலும் எழுந்தது. இரண்டு தளங்களுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் ஏழு தளங்கள். பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் வழக்குப் போட்டது. விலக்கு அளித்த அரசாணை 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் நிற்கவில்லை. அந்த விவகாரத்தின் அரசியல் தமிழ்நாட்டுக்கே தெரியும். மண்ணின் பக்கத்தைத்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

சரிவில் சமதளம் வேண்டுமானால் மேல்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டுவார்கள். அப்போது கட்டடத்தின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் உட்காரும் ஆபத்து உண்டு. எடை கூடக் கூட இரண்டும் ஒரே அளவில் அமுங்காது, சுவர் விரிசல் விடும். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் ஐப்பசி, கார்த்திகை மழை. மண் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது, துகள்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தும் உராய்வு குறைகிறது. தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை விடாவிட்டால், தேங்கும் நீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். மேலே எத்தனை தளம் என்பது இந்தக் கணக்கில் நேராக வந்து சேரும் எடை. மலையூர்களின் உயரக் கட்டுப்பாட்டை வெறும் அழகுக்கான விதி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஒரு மலைக் கட்டடத்தைச் சாலையில் நின்று பார்த்து இரண்டு மாடி என்று நம்பிவிடாதீர்கள். சரிவில் இறங்கிக் கீழ்ப்பக்கமிருந்து எண்ணிப் பாருங்கள். தடுப்புச் சுவரில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.