வைதவர் வாங்கிய டிக்கெட்
‘கையுறையும் கணக்கும்’ தொடர் – 7

2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை காலை, லாஸ் வேகாஸில் முந்தைய நாள் இரவு இன்னும் முடியாதிருந்த வேளையில், கேளம்பாக்கத்தில் கோவளம் சாலை பிரியும் இடத்துத் தேநீர்க் கடையில் பிளாய்ட் மேவெதர், மானி பாக்கியாவோ குத்துச்சண்டைப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில், மேவெதர் ஜெயிக்க வேண்டுமென்று உட்கார்ந்திருந்தவர் ஒருவருமில்லை. இடது தோளை உயர்த்தி, மோவாயை அதன் பின்னே ஒளித்து, எதிரியின் குத்து ஒவ்வொன்றையும் அந்தத் தோளிலேயே வாங்கி உதறிவிட்டு அம்மனிதர் பின்வாங்கிக்கொண்டேயிருக்க, உப்பளத்தில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், “இவன் விழறதப் பாக்கத்தாம்பா உக்காந்திருக்கேன், டீ ஆறிப்போச்சு” என்றார். “விழமாட்டான் பெரியவரே, பிடிகொடுக்க மாட்டேங்கறான் பாருங்க” என்றார் கடைக்காரர். அவ்வாறே 12 சுற்றுகளும் முடிந்து, நடுவர் மூவரும் மேவெதருக்கே வெற்றியை வழங்கினர்.

அந்தப் போட்டியை வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலர் கொடுத்தவர்கள் 46 லட்சம் பேர். அவர்களிலும் கணிசமானவர்கள் நம் உப்பளத்துப் பெரியவரின் கட்சியைச் சேர்ந்தவர்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. நோட்டுக் கட்டுகளை விசிறிப் படமெடுத்துக்கொண்டு, பணம் என்பதையே பட்டப்பெயராகச் சூடிக்கொண்டு, ஜனங்களின் துவேஷத்தைத் தாமே தேடிச் சம்பாதித்த அம்மனிதர், நேசிப்பவனுக்கும் வெறுப்பவனுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான் என்பதை அறிந்திருந்தார். 2006-ல் தம்மை ஒப்பந்தத்தால் கட்டி வைத்திருந்த போட்டி அமைப்பாளருக்கு ஏழரை லட்சம் டாலர் கொடுத்து விடுதலை பெற்றதும், பின்னர் வருமானத்தில் நூற்றுக்கு அறுபது தமக்கு, நாற்பது எதிராளிக்கு என்று பேசி முடித்ததும் அந்த ஞானத்தின் பலனேயாகும்.

இந்த வித்தைக்கு மூலகுரு குத்துச்சண்டைக்காரரல்லர். 1961-ல், காசியஸ் கிளே என்ற பெயரோடு இருந்த இளைஞர் முகமது அலி, லாஸ் வேகாஸில் ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ என்ற மல்லரைச் சந்தித்தார். வாசனைத் திரவியம் தெளித்துக்கொண்டும் சுருட்டிவிட்ட பொன்னிறக் கூந்தலோடும் மேடையேறி, வந்தவர்களெல்லாம் வைது தீர்க்கும்படி நடந்துகொண்டு, அந்த வசவினாலேயே அரங்கத்தை நிரப்பிய அவருடைய தந்திரத்தை அலி அப்படியே சுவீகரித்துக்கொண்டார்.

ஆனால் வெறுப்பு மட்டும் விற்பனையாகிவிடாது. 1964 பிப்ரவரியில் மியாமியில் சாம்பியன் சன்னி லிஸ்டனை அவர் எதிர்த்தபோது அரங்கின் இருக்கைகளில் பாதியளவு காலியாகவே கிடந்தன. இளைஞர் உதைபட்டு விழுவார் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லாதபோது அதைக் காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பானேன்? விழுவானோ மாட்டானோ என்ற தவிப்புத்தான் மனிதனைப் பணப்பையைத் திறக்க வைக்கிறது. லிஸ்டனிடமிருந்து வென்ற பட்டம் வியட்நாம் போருக்குப் போக மறுத்ததனால் பறிக்கப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் மேடையேற இயலாதிருந்து திரும்பிய அலி, 1971 மார்ச் 8 அன்று ஜோ பிரேசியரைச் சந்தித்தபோது அந்தத் தவிப்பு பூரணமாக இருந்தது. தோல்வியே அறியாத இருவருக்கும் தலைக்கு 25 லட்சம் டாலர் கிடைத்தது. அன்று அலி தோற்றார். அவரை வெறுத்தவர்கள் கொடுத்த காசு அன்றைக்குச் செரித்தது.

சென்னை மட்டும் அவரை வெறுத்ததேயில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து, தன் ஆளின் வெற்றியையும் அடுத்தவனுடைய ஆளின் வீழ்ச்சியையும் ஒரே ஆவேசத்தோடு கண்டு பழகிய வடசென்னையே, 1980-ன் தொடக்கத்தில் அலி நேரு விளையாட்டரங்கில் தம் பால்ய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, பரம்பரை பாராமல் ஆரவாரித்தது. அப்போது அவர் ஓய்வு அறிவித்துவிட்டவர். அவரை வெறுத்த தலைமுறைக்கே அந்த வெறுப்பு மறந்துபோயிருந்தது.

அந்த ஓய்வு நிலைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, தம்மோடு பயிற்சி ஆடியவராகிய லாரி ஹோம்ஸை எதிர்க்க அலி மீண்டும் மேடையேறினார். பத்துச் சுற்று அடிவாங்கிய பின் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். பேசிய தொகை 80 லட்சம் டாலர். போட்டியை அமைத்த டான் கிங், 11 லட்சத்து 70 ஆயிரம் டாலரைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தைத் தந்தார். அலி வழக்குத் தொடுத்தார். கிங் அனுப்பிய ஆள், 50 ஆயிரம் டாலர் ரொக்கத்தைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, மருத்துவமனையில் இருந்த அலியிடம் சென்று, இனி பாத்தியதை எதுவுமில்லை என்ற பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவந்தார். வழக்கு அத்தோடு முடிந்தது.

இதை அலியின் பேதைமை என்று சொல்வார் உண்டு; எனக்கு அது சம்மதமில்லை. அரங்கை நிரப்பியவரிடம் கணக்குப் புத்தகம் இருந்ததில்லை. அது எப்போதும் அமைப்பாளரின் மேஜையிலேயே இருந்தது. மேவெதர் விலைகொடுத்து வாங்கியதும், சரியாகச் சொன்னால், அந்த மேஜையைத்தான். மற்றக் குத்துச்சண்டைக்காரர்களுக்காக, அமெரிக்கக் காங்கிரஸ் 2000-ல் அலியின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றியது: போட்டியினால் தமக்கு வரும் வருமானம் எவ்வளவு, வீரரின் தொகையிலிருந்து பிடித்துக்கொண்டது எவ்வளவு என்பதை அமைப்பாளர் அந்த வீரரிடம் தெரிவித்தே ஆகவேண்டும்.

(தொடரும்)