உங்களுக்குத் தெரியுமா? 'அருளர்' அப்பா, 'கலா' அம்மா

* உலகம் எம்.ஐ.ஏ. என்று அழைக்கும் பாடகி மாயா அருள்பிரகாசம், கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் அல்பம் 'அருளர்' (2005) அப்பாவின் பெயர். 'லங்கா ராணி' நாவலை எழுதிய அதே அருளர். இரண்டாவது அல்பம் 'கலா' (2007) அம்மாவின் பெயர்.

* 'அருளர்' பாட்டுகள் றோலண்ட் எம்.சி.505 என்ற தாளப்பெட்டியில், படுக்கையறையில் முளைத்தவை. வேகமும் கோபமும் நிறைந்த அல்பம்தான். ஆனால் பெட்டிக்குள் அடைபட்ட சத்தம்.

* 'கலா'வை அமெரிக்காவில் செய்யத்தான் எண்ணியிருந்தார். விசா இழுபட்டது. இந்தியா, திரினிடாட், லைபீரியா என்று அலைந்து பதிவு செய்தார். சென்னையில் உறுமி சேர்ந்தது. வளைந்த குச்சியால் இடப்பக்கத் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து எழுகிற அந்த உறுமல், 'பேர்ட் ஃப்ளூ' பாட்டில் தெளிவாகக் கேட்கும். எந்தத் தாளப்பெட்டிக்கும் அது வராது.

* 'கலா'வின் முதற்பாட்டு 'பாம்பூ பங்கா'. அதற்குள் ஒளிந்திருப்பது இளையராஜா! 'தளபதி'யின் (1991) 'காட்டுக்குயிலு' இசையும், மொடர்ன் லவர்ஸ் என்ற அமெரிக்க றொக் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டும் அதில் ஒன்றாக ஓடுகின்றன.

* 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் இசை, த கிளாஷ் என்ற லண்டன் றொக் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' (1982) பாட்டிலிருந்து எடுத்தது. வந்தேறிகள் படும் அவமதிப்பைச் சொன்ன பாட்டு அது. 25 வருடம் கழித்து, விசாவுக்கு அலைந்த ஓர் அகதிப் பிள்ளை அதே இசையின்மேல் தன் பாட்டைக் கட்டினார். 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் வரிசையில் 4ஆம் இடம். அடுத்த வருடக் கிராமி விருதுக்கும் பரிந்துரையானது.

* 'மாயா' (2010), 'மாதங்கி' (2013) இரண்டும் அவருடைய சொந்தப் பெயர்கள். 'கலா'வை அவை எட்டவில்லை. 'அருளர்' கதவைத் திறந்தது. ஊரையே கூட்டிக்கொண்டு உள்ளே வந்தது 'கலா'தான்.

* உருத்திரபுரத்தில் காலபோக அரிவு வெட்டு நடக்கும் தை மாதத்தில், பொங்கலுக்கு ஒலிபெருக்கி கட்டும் பிள்ளைகளே, 'காட்டுக்குயிலு' போட்ட கையோடு 'பாம்பூ பங்கா'வையும் ஒருக்கால் போட்டு விடுங்கள்.