எழுத்தாணி நின்ற இடம்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டினால் பென்னலூர். காலை நேரத்தில் இந்தச் சாலையில் ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள், இன்னொரு பக்கம் கல்லூரி பஸ்கள். கார், உதிரி பாகம், வேலைவாய்ப்பு என்று பேசப்படும் வட்டாரம் இது. இதை எழுத்தோடு சேர்த்து யாரும் நினைப்பதில்லை.

ஆனால், இங்கே தினமும் எழுதுகிறார்கள். ஒரு ஷிப்ட் முடிந்து கிளம்புபவர், அடுத்து வருபவருக்காகப் பதிவேட்டில் நாலு வரி எழுதிவைக்க வேண்டும். 'மெஷின் சரியில்லை, பார்க்கவும்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒருவர் பஸ் ஏறிவிட்டால் என்ன ஆகும்? எந்த மெஷின், எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன் சத்தம் வந்ததா, எதையெல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று? எழுதியவருக்கு எல்லாம் தெரியும். வாசிப்பவருக்கு எதுவும் தெரியாது. கதை எழுதுபவருக்கும் கட்டுரை எழுதுபவருக்கும் இருக்கும் சிக்கல் இதேதான்.

இந்த இடைவெளியைத் தனியாக உட்கார்ந்து சரிசெய்வது கடினம். 'இந்த இடம் புரியவில்லை' என்று சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். அதற்கு ஒரு பழைய கதை, பென்னலூருக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது.

எழுத மறுத்த சீடர்

பென்னலூரை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்தவர் ராமானுஜர். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் செய்த உரை, ஸ்ரீபாஷ்யம். அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதியவர், காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள கூரத்தைச் சேர்ந்த கூரத்தாழ்வான்.

வேலையைத் தொடங்கும்போதே ராமானுஜர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார் என்கின்றன வைணவ குருபரம்பரைக் கதைகள். தான் சொல்வது சரியில்லை என்று பட்டால் சீடர் வாதாட வேண்டாம். எழுதுவதை நிறுத்தினால் போதும். ஜீவாத்மாவின் இயல்பு பற்றிய ஓர் இடத்தில், குருவின் விளக்கம் முழுமையாக இல்லை என்று கூரத்தாழ்வானுக்குத் தோன்றியது. எழுத்தாணி நின்றது. ராமானுஜருக்குக் கோபம் வந்தது. பிறகு நிதானமாக யோசித்தவர், சீடர் நிறுத்தியது நியாயம்தான் என்று கண்டு, அந்த இடத்தைத் திருத்திச் சொன்னார்.

அவ்வளவு பெரிய ஆசாரியருக்கே, 'இங்கே நில்லுங்கள்' என்று காட்ட ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார்.

ஆசிரியர் மறுபடி மாணவரானார்

நூற்றாண்டுகள் கழித்து இதே போல ஏடும் எழுத்தாணியுமாக ஓர் ஆசிரியர் முன் உட்கார்ந்தவர், உ.வே.சாமிநாதையர். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-ல் பிள்ளை மறையும் வரை அவரிடம் பாடம் கேட்டார். தலபுராணங்களைப் பாட்டுப் பாட்டாக மனத்திலேயே கட்டிச் சொல்வது பிள்ளையின் வழக்கம், சீடர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒரு நூல் எப்படித் தொடங்குகிறது, ஒரு சொல் எப்படித் தன் இடத்தில் வந்து உட்காருகிறது என்பதெல்லாம் எழுதிய கை வழியாகவே சாமிநாதையருக்குள் போயிற்று.

1880-ல், பிள்ளையின் இன்னொரு மாணவரான தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் கல்லூரியில் அந்தத் தமிழாசிரியர் வேலை உ.வே.சா.வுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு, அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியார், 'என்னென்ன படித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமான பட்டியலைச் சொன்னார் உ.வே.சா. முதலியார் அசரவில்லை. 'சீவக சிந்தாமணி படித்ததுண்டா?' என்றார். படித்ததில்லை.

எழுத்தாணி நின்ற இடம் அது. வேலை கிடைத்துவிட்டது, பெயரும் வரத் தொடங்கிவிட்டது, போதும் என்று அவர் இருந்திருக்கலாம். சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்தார். அது சமண நூல். அந்தச் சமயத்தின் சொற்கள் அவருக்குப் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். கல்லூரியில் பாடம் சொன்னவர், அந்த வீடுகளில் பாடம் கேட்டார். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது.

கும்பகோணத்திலும் பிறகு சென்னை மாநிலக் கல்லூரியிலுமாக 1919 வரை அவர் வகுப்பெடுத்தார். 1940 ஜனவரியில், 85 வயதை நெருங்கியபோது, ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடரைத் தொடங்கினார். பண்டிதர்களுக்கு மத்தியில் வளர்ந்தவர், இப்போது வீட்டுத் திண்ணையில் பத்திரிகை படிப்பவருக்காக எழுதினார். கடினமான சொல் குறைந்தது. ஆட்களும் ஊர்களும் பேச்சும் முன்னுக்கு வந்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மாணவர்களின் முகம் பார்த்துப் பாடம் சொன்ன பழக்கம் அந்த நடையில் தெரிகிறது. 1942-ல் அவர் மறைந்தபோது தொடர் முடியாமலே நின்றது. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன், 'என் ஆசிரியப்பிரான்' நூலில் மீதி வாழ்க்கையை எழுதினார்.

நாமக்கல் மாணவர்கள்

இது ஏட்டுச்சுவடிக் காலத்தோடு முடிந்த கதையும் இல்லை. நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் பெருமாள்முருகன், 'கூடு' என்ற பெயரில் மாணவர்கள் கூடிப் பேசும் சந்திப்புகளை நடத்தினார். சாதியைத் தங்கள் வாழ்க்கையில் எப்படிச் சந்தித்தோம் என்று அவர்கள் எழுதிய கட்டுரைகளை அவரே தொகுக்க, 'சாதியும் நானும்' என்ற நூலாக 2013-ல் வெளிவந்தது. பொதுவாகப் பேசத் தயங்கும் விஷயத்தை, வீட்டையும் தெருவையும் டீக்கடையையும் சொல்லி எழுத வேண்டும். கூடவே ஓர் ஆசிரியர் உட்கார்ந்து படிக்காமல் அது நடப்பது சிரமம்.

ஷிப்ட் முடிந்ததும்...

எழுத ஆசைப்படுபவர்கள் பென்னலூர் கல்லூரி விடுதியிலும் இருக்கலாம், ஒரகடம் பக்கம் வாடகை அறையில் மூன்று பேரோடு தங்கியும் இருக்கலாம். அவர்களுக்கு மகாவித்துவான் கிடைக்க மாட்டார். ஆனால், அறைத் தோழர் இருக்கிறார்.

நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ராமானுஜர் செய்த ஏற்பாட்டையே செய்துகொள்ளுங்கள்: பாராட்டும் வேண்டாம், திட்டும் வேண்டாம், புரியாத இடத்தில் கையைத் தூக்கினால் போதும். கோபம் வரும். ராமானுஜருக்கே வந்தது. மறுநாள் அந்த வரியைத் திரும்பப் பாருங்கள்.

கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிக்க, 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கும் டொயோட்டா முறை இங்கே வேலை செய்யும் பலருக்குத் தெரியும். 'அம்மா அன்று அழுதாள்' என்ற வரியையும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். மூன்றாவது 'ஏன்' வருவதற்குள் கதை தானே வெளியே வந்துவிடும்.

கடைசியாக, புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குப் பதிவேடு எழுதக் கற்றுக்கொடுங்கள். 'மெஷின் சரியில்லை' என்று அவன் எழுதும்போது, 'எந்த மெஷின்?' என்று கேட்பீர்கள். அன்று இரவு உங்கள் நோட்டைத் திறக்கும்போது, அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்வீர்கள்.